நெரிசல் மிகுந்த கல்லூரிக் கட்டடத்துக்கு எந்த வைஃபை? கூடுதல் பெட்டிகளா, வைஃபை 6-ஆ, 7-ஆ?

கல்லூரியில் வைஃபை பற்றிய புகார் முற்றியதும் நிர்வாகத்தின் மேசைக்குப் பெரும்பாலும் மூன்று வகை கொட்டேஷன்கள் வரும். இருக்கும் வைஃபை 5 (முந்தைய தலைமுறை) அமைப்பிலேயே ஆக்சஸ் பாயின்ட்களை, அதாவது வைஃபை சிக்னல் தரும் பெட்டிகளை, கூட்டுவது ஒன்று. அனைத்தையும் கழற்றிவிட்டு வைஃபை 6 போடுவது இன்னொன்று. நேராக வைஃபை 7-க்கே போய்விடுவது மூன்றாவது. விலையும் அதே வரிசையில் ஏறும். என் பரிந்துரை வைஃபை 6. ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு.

இருநூறு பேர் உட்காரும் விரிவுரைக் கூடத்தில் போனும் லேப்டாப்புமாக முந்நூறு கருவிகளாவது இருக்கும். ஆன்லைன் தேர்வு தொடங்கும் நிமிடத்தில் அத்தனையும் ஒன்றாகப் பேச முயலும். வைஃபையிலோ ஒரு சேனலில், அதாவது ஒரு குறிப்பிட்ட அலைவரிசைத் துண்டில், ஒரு நேரத்தில் ஒன்று பேசினால் மற்றவை காத்திருக்க வேண்டும். சிக்னல் கோடுகள் முழுதாகத் தெரிந்தும் பக்கம் திறக்காமல் சுற்றுவது இதனால்தான். '512 கருவிகளைத் தாங்கும்' என்று விவரத்தாளில் இருப்பது வெறுமனே இணைந்திருக்கக்கூடிய எண்ணிக்கை. நடைமுறையில் ஒரு ரேடியோவில் (பெட்டிக்குள் ஒவ்வொரு அலைவரிசைப் பட்டைக்கும் உள்ள அலைபரப்பியில்) நாற்பது, ஐம்பது கருவிகள் மும்முரமாக இயங்கினாலே திணறல் தெரியத் தொடங்கும்.

அப்படியானால் பெட்டிகளைக் கூட்டினால் போதாதா? போதாது, பல இடங்களில் நிலைமை மோசமாகும். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். ஒரு மாடியில் பத்து பெட்டிகள் இருந்தால் அவற்றில் மூன்று, நான்கு ஒரே சேனலில் ஒன்றுக்கொன்று வழிவிட்டுக் காத்திருக்கும். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். இந்தியா 2018 அக்டோபரில் அங்கே 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தது. 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வைத்தால் இருபதுக்கும் மேற்பட்ட சேனல்கள் கிடைக்கும். பல பெட்டிகள் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்திலேயே விடப்பட்டிருக்கும். அப்போது ஐந்தாறு சேனல்கள்தான் மிஞ்சும். வேகச் சோதனைச் செயலியில் எண் பெரிதாகத் தெரியும், கூடம் நிரம்பியதும் எல்லாம் நின்றுபோகும்.

ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் சேனல் அகலத்தை 20-க்குக் குறையுங்கள். நெருக்கமான இடங்களில் பாதிப் பெட்டிகளின் 2.4 ரேடியோவை அணையுங்கள். 1, 2 எம்பிபிஎஸ் போன்ற பழைய, மெதுவான இணைப்பு வேகங்களை நிறுத்துங்கள். மாணவர், ஆசிரியர், விருந்தினர், ஆய்வகம் என்று ஆறேழு நெட்வொர்க் பெயர்கள் ஓடினால் மூன்றாகச் சுருக்குங்கள். ஒவ்வொரு பெயரையும் ஒவ்வொரு பெட்டியும் நொடிக்குப் பத்து முறை அறிவித்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரமும் மாணவர்களுடையதுதான். இவற்றுக்குச் செலவு இல்லை.

பெட்டிகளின் இடம் இதைவிட முக்கியம். ஹாஸ்டல்களில் வராந்தா நெடுக வரிசையாக மாட்டிவிடுவது வழக்கம். கேபிள் இழுப்பது சுலபம். ஆனால் அங்கே பெட்டிகள் ஒன்றையொன்று தெளிவாகக் கேட்கும், மாணவரோ செங்கல் சுவருக்கும் இரும்பு பீரோவுக்கும் பின்னால் இருப்பார். ஓர் அறை விட்டு ஓர் அறையில் சிறிய சுவர்ப்பெட்டிகளைக் குறைந்த திறனில் வைத்தால், அதே சுவர்கள் குறுக்கீட்டைத் தடுத்து நமக்கு உதவும். கேபிள் செலவு கூடும், வார்டனின் ஒப்புதலும் வேண்டும். இரண்டுக்கும் தகுதியான வேலை இது.

இதற்குப் பிறகும் போதவில்லை என்றால் வைஃபை 6. ஒரு 20 மெகாஹெர்ட்ஸ் சேனலையே கூறுபோட்டு ஒரே நேரத்தில் ஒன்பது கருவிகள் வரை பேச வைக்க இதனால் முடியும். வாட்ஸ்அப் செய்தி, வருகைப்பதிவு போன்ற சின்னச் சின்னத் தரவுகள் குவியும் இடத்தில் இதுதான் உண்மையான லாபம். மாணவரின் போனும் வைஃபை 6 ஆக இருந்தால்தான் பலன் என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் பொறியியல் கல்லூரியில் நான்கு ஆண்டுகளில் மாணவர்கள் முழுதாக மாறிவிடுவார்கள், கருவிகளும் அவர்களோடு மாறிவிடும். மாட்டும் பெட்டியோ அதற்குப் பிறகும் இருக்கப்போகிறது.

வைஃபை 7-ஐ விற்பவர்கள் 320 மெகாஹெர்ட்ஸ் சேனலைப் பெருமையாகச் சொல்வார்கள். அமெரிக்கா 2020-இல் 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 1200 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டது. இந்தியாவில் 2025 மே மாத வரைவு விதிகள் வகுத்தது 5925 முதல் 6425 வரையிலான 500 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. அதில் 320 அகலச் சேனல் ஒன்றுதான் அடங்கும். நெரிசலுக்கு உதவுவது அந்தப் பட்டையில் கிடைக்கும் 24 புதிய 20 மெகாஹெர்ட்ஸ் சேனல்கள். பழைய கருவிகள் அங்கே வரவே முடியாது. பெரிய விரிவுரைக் கூடத்துக்கும் நூலக வாசிப்பறைக்கும் இது பொருந்தும். ஹாஸ்டல் முழுக்கப் போடுவது இப்போதைக்கு வீண். வாங்கும் மாடலுக்கு 6 கிகாஹெர்ட்ஸுக்கான இந்திய வகை ஒப்புதல் (அந்த மாடலை இங்கே பயன்படுத்த அரசு தரும் அனுமதி) இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

பெட்டிகளுக்குக் கேபிள் வழியே இணைப்பும் மின்சாரமும் தரும் ஸ்விட்ச்சையும் பாருங்கள். கேபிள் வழியே 15.4 வாட் மட்டும் தரும் பழைய ஸ்விட்ச்சில் மாட்டினால் 30 வாட் கேட்கும் பெட்டி திறனைக் குறைத்துக்கொண்டு ஓடும், அல்லது ஒரு ரேடியோவை அணைத்துவிடும். மாறாக, சுவருக்குள் இருக்கும் கேட் 5இ கேபிள் நல்ல நிலையில் இருந்தால் பிடுங்க வேண்டாம். 100 மீட்டர் வரை 2.5 ஜிபிபிஎஸ் தாங்கும். புதிதாக இழுப்பதை மட்டும் கேட் 6ஏ ஆக இழுக்கலாம்.

மூன்று கொட்டேஷன்களிலுமே இல்லாத ஒன்று ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் தரப்படும் எண். 254 முகவரிகள் கொண்ட தொகுப்பில் முந்நூறு கருவிகள் நுழைந்தால் மீதிக்கு இணைப்பே கிடைக்காது. முகவரித் தொகுப்பைப் பெரிதாக்கி, குத்தகை நேரத்தை (ஒரு கருவிக்கு ஒரு முகவரி ஒதுக்கப்படும் காலத்தை) ஓரிரு மணிக்குக் குறைக்க வேண்டும்.

டெண்டரில் ஒரு நிபந்தனை சேருங்கள்: இறுதித் தவணை, கூடம் நிறைய மாணவர்கள் உட்கார்ந்து ஒரு மாதிரித் தேர்வை எழுதி முடித்த பிறகே. காலியான கூடத்தில் காட்டும் வேகத்தை ஏற்றுக் கையெழுத்துப் போட வேண்டாம்.