கடலை மிட்டாயில் போன பிராக்கெட்

தாம்பரத்தில் அம்மா வீட்டுக்கு வந்து இறங்கிய மூன்றாம் நாள். பாட்டி ஆசையாகக் கொடுத்த கடலை மிட்டாயை என் மகள் கடித்தாள். டொக் என்று ஒரு சத்தம். மேல் வரிசையில் இடது கோரைப்பல்லில் பல் கம்பியைத் தாங்க ஒட்டியிருந்த சின்ன உலோகக் கட்டை, அதாவது பிராக்கெட், கழன்று, கம்பியிலேயே தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. கம்பியும் ஒரு பக்கமாக நழுவி, அதன் முனை கடைசிப் பல்லுக்குப் பின்னால் கன்னத்தில் குத்த ஆரம்பித்துவிட்டது. ராத்திரி பார்த்தால் உள்கன்னம் புண்ணாகி வெள்ளை பூத்திருந்தது. பதின்மூன்று வயதுப் பெண், சோறு மெல்ல முடியாமல் கண்ணில் தண்ணீர் விட்டாள்.

இங்கிலாந்தில் அவளுக்கு வைத்தியம் பார்க்கும் இடத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். 'குத்தும் இடத்தில் மெழுகு வையுங்கள், திரும்பி வந்ததும் பார்க்கிறோம்' என்று பதில் வந்தது. திரும்பிப் போக இன்னும் நாலு வாரம் இருந்தது. பயணக் காப்பீட்டுத் தாளில் பல்வலிக்கு ஒரு வரி இருந்தது, கம்பிக்கு ஒன்றுமே இல்லை.

அந்தக் கம்பி சுலபமாகக் கிடைத்ததில்லை. இங்கிலாந்தில் 18 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவை இலவசமாகக் கம்பி போடும், ஆனால் எல்லாருக்கும் போடாது. வைத்தியம் எவ்வளவு அவசியம் என்று பார்க்க, ஐ.ஓ.டி.என். என்று 1989-இல் வந்த ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள், ஒன்று முதல் ஐந்து வரை. நாலும் ஐந்தும் வந்தால் கம்பி உண்டு. மூன்று என்றால் பல்வரிசையின் தோற்றத்துக்குத் தனியாகப் போடும் மதிப்பெண் குறைந்தது ஆறு இருக்க வேண்டும். என் மகளின் மேல் முன்பல் கீழ்ப்பல்லைவிட 8 மில்லிமீட்டர் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. 6 தாண்டினால் நாலாம் தரம், அதனால் கிடைத்தது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு மூன்றாம் தரம், தோற்ற மதிப்பெண்ணும் போதவில்லை. அவன் அம்மா கைக்காசு போட்டுத் தனியாரிடம் மாதத் தவணை கட்டுகிறாள். எங்களுக்குக் காத்திருப்புப் பட்டியலிலேயே ஒரு வருடம் போயிற்று. பெரும்பாலும் உலோகக் கம்பிதான் தருவார்கள். பல் நிறத்தில் செராமிக், பல்லுக்கு உள்பக்கம் ஒட்டுவது, கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறையான அலைனர் எல்லாம் வேண்டுமென்றால் நம் செலவு. எங்களுக்கு உலோகமே போதும், அது உறுதி.

இப்படி வாங்கிய கம்பி ஒரு மிட்டாயில் போச்சே என்ற பதற்றத்தில், எந்த யோசனையும் இல்லாமல் மெயின் ரோட்டில் கண்ணாடி மாளிகை மாதிரி இருந்த பல் கிளினிக்கில் நுழைந்தேன். ஏசி, சோபா, காபி. வரவேற்பில் இருந்த பெண் நல்ல மாதிரிதான் பேசினாள். நான் கேட்டது ஒன்றே ஒன்று: குத்துகிற முனையை வெட்டுங்கள், முடிந்தால் பிராக்கெட்டை ஒட்டுங்கள்.

உள்ளே இருந்த டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி அரை நிமிடம் பார்த்தார். "வேற டாக்டர் போட்ட கேஸை நாங்க தொடறது இல்ல மேடம்" என்றார். சரி, அதுவாவது புரிகிறது. ஒருவர் பாதியில் விட்டதை இன்னொருவர் தொட்டால் பிறகு யார் பொறுப்பு என்ற கேள்வி வரும். இங்கிலாந்திலும் நடுவில் ஊர் மாறினால் புது இடத்தில் சேர்த்துக்கொள்ள லேசில் சம்மதிக்க மாட்டார்கள். ஆனால் அப்புறம் நடந்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஒரு அம்மாள் டேப்லெட்டோடு வந்து உட்கார்ந்தார். பழைய கம்பி முழுக்க எடுத்துவிடலாம், ஸ்கேன் செய்து அலைனர் போடலாம், எல்லா செட்டும் ஒரே பெட்டியில் கொடுத்துவிடுகிறோம், லண்டனில் நீங்களே மாற்றிக்கொள்ளலாம் என்றார். பணம் மொத்தமாக, கார்டில் இ.எம்.ஐ. போட்டுத் தருவார்களாம். திரையில் பற்கள் தானாக நகர்ந்து வரிசைக்கு வருகிற படம் ஓடியது. என் மகளோ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, எல்லாத்தையும் எடுத்துடுவாங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அலைனர் கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும், ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு செட் மாற்ற வேண்டும், சொன்னபடி பல் நகர்கிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்க்க ஆளில்லாமல் பெட்டியைக் கையில் கொடுத்தனுப்புவதற்குப் பெயர் வைத்தியம் இல்லை. கம்பியானாலும் அப்படித்தான், ஆறு வாரம் எட்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்து, ஒன்றரை இரண்டு வருடம் போகும். 'ஊரில் செலவு குறைவு, லீவில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம்' என்று நினைக்கும் பெற்றோர்கள் இதை யோசிக்க வேண்டும். நம் ஊரில் தெரிந்த டாக்டர்களிடம் முதலில் கொஞ்சம் முன்பணம், மீதியைப் போகிற ஒவ்வொரு தடவையும் கட்டுவது என்று ஒரு வழக்கம் உண்டே, அது எவ்வளவு நியாயமானது! நாம் கட்டும் பணமும் அவர் செய்யும் வேலையும் சேர்ந்தே நகரும். மொத்தத்தையும் முதல் நாளே வாங்கிக்கொண்டவருக்கு நம்மைத் திரும்பப் பார்க்கவேண்டிய அவசியம் என்ன?

இரண்டு மணி நேரம் கழித்து, முனையைக்கூட வெட்டாமல் அனுப்பினார்கள். ஆலோசனைக் கட்டணம் மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

அன்று ராத்திரி அம்மாதான் சொன்னாள்: "ஏண்டி, உனக்குப் பல்லு பிடுங்கின ஆஸ்பத்திரி இல்லையா?" எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. கோட்டை ஸ்டேஷன் எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி, 1953-இல் தொடங்கியது. சின்ன வயதில் அப்பா என்னை பீச் ரயிலில் கூட்டிப்போய், ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்பார்.

விடியற்காலையிலேயே அதே ரயில். அதே வரிசை, அதே தள்ளுமுள்ளு. நடுவில் நுழைந்த ஒருவரோடு நான் சத்தம் போட்டதும் உண்மை. நாள், நேரம் குறித்துக் குறுஞ்செய்தி வரும் ஊரில் பழகியவளுக்கு, எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாமல் மூன்று மணி நேரம் நிற்பது ஆத்திரமாகத்தான் இருந்தது. குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு உட்கார இன்னும் நாலு பெஞ்சாவது போடலாம்.

கடைசியில் ஆர்த்தோ என்கிற பல்வரிசை சீரமைப்புத் துறையில் எம்.டி.எஸ். மேற்படிப்புப் படிக்கும் ஒரு பெண் கூப்பிட்டாள். கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தவள், நிமிர்ந்து கேட்ட முதல் கேள்வி: "அக்கா, ஸ்லாட் 18-ஆ 22-ஆ? டாக்டர் கொடுத்த பேப்பர் ஏதாவது இருக்கா?"

பிராக்கெட்டில் கம்பி உட்காரும் பள்ளத்துக்கு இரண்டு அளவு உண்டாம், 0.018 அங்குலம், 0.022 அங்குலம். அளவு மாறினால் கம்பி பிடிக்காது. செல்போனில் மின்னஞ்சலைத் தேடிக் காட்டினேன், 0.022 என்று இருந்தது. "அப்போ பிரச்சினை இல்ல" என்று எழுந்து போய்ப் பேராசிரியரை அழைத்து வந்தாள். அவரும் பார்த்துத் தலையசைத்தார்.

முதலில் குத்துகிற முனை. வெட்டிய துண்டைத் தானே கவ்விக்கொள்ளும் ஒரு கட்டர் இருக்கிறது, துண்டு தொண்டைக்குள் போகாது. 'க்ளிக்', முடிந்தது. மகள் கன்னத்தை உள்ளிருந்து நாக்கால் தடவிப் பார்த்து என்னைப் பார்த்தாள். அப்புறம் பல்லில் ஒட்டியிருந்த பழைய பசையைச் சுரண்டி, நீல நிற ஜெல் தடவி, கழுவி, காற்று ஊதினாள். பளபளவென்று இருந்த பல் அந்த ஒரு இடத்தில் மட்டும் சுண்ணாம்பு மாதிரி வெளிறியது. "இப்படி வெளுத்தாத்தான் பசை பிடிக்கும் அக்கா" என்றாள். புது பிராக்கெட்டை வைத்து, ஊசி முனையால் மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, நீல வெளிச்சம் காட்டினாள். கடைசியாக ரப்பர் வளையம். "பாப்பா, என்ன கலர் வேணும்?" என் மகள் மயில் நீலம் கேட்டாள். மற்ற பல்லெல்லாம் சாம்பல் நிறம், ஒரே ஒரு பல் மட்டும் மயில் நீலம்.

அங்கே நான் கட்டிய தொகை, ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குக் கொடுத்த ஆட்டோ காசைவிடக் குறைவு. சீட்டின் பின்பக்கம் எந்தப் பல், எந்த அளவு பிராக்கெட், என்ன தேதி என்று அந்தப் பெண் கோடு போட்டு எழுதிக் கொடுத்தாள். "அங்க டாக்டர்கிட்ட காட்டுங்க, அவங்களுக்குத் தெரியணும்."

ஊருக்குக் கிளம்பும் பெற்றோர்களுக்கு: உங்கள் ஆர்த்தோ டாக்டரிடம் ஸ்லாட் அளவு, இப்போது போட்டிருக்கும் கம்பி, அடுத்து என்ன செய்யப்போகிறார்கள் என்பதை ஒரு தாளில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கொஞ்சம் மெழுகும்.

திரும்பி வந்ததும் அந்த ஓ.பி. சீட்டை இங்கே டாக்டரிடம் காட்டினேன். படித்துவிட்டு, கண்ணாடியால் அந்தக் கோரைப்பல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிராக்கெட்டை மாற்றவில்லை. அதிலேயே அடுத்த கம்பியைப் போட்டு, சீட்டை நகலெடுத்து மகளின் கோப்பில் வைத்துக்கொண்டார்.