டிராக் காருக்குப் பெடல் பிராக்கெட், பிரேக் பைப் வெளியே செய்யக் கொடுப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

டெல்டா பக்கம் வீட்டு ஷெட்டிலேயே டிராக் கார், அதாவது ரேஸ் டிராக்கில் மட்டும் ஓட்டுகிற கார், கட்டுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் அந்தச் சில பேரும் வெல்டிங்குக்கும் லேத் வேலைக்கும் கடைசியில் போய் நிற்பது அதே நாலைந்து பட்டறைகளில்தான், அதனால்தான் இதை எழுதுகிறேன். தஞ்சாவூர் பக்கம் ஒரு பட்டறையில் பெடல் பிராக்கெட்டும் (பிரேக் பெடலைத் தாங்கிப் பிடிக்கிற சட்டம்) பிரேக் லைனும் (பிரேக் ஆயில் போகிற பைப்) செய்யக் கொடுத்து, 26,000 ரூபாயும் கொடுத்து, உயிரைக் காவு வாங்கியிருக்கக்கூடிய ஒரு வேலையை வாங்கி வந்திருக்கிறேன். பட்டறையின் பெயரைப் போடவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

வண்டி சதுரக் குழாயில் சட்டம் கட்டி, பழைய மாருதி எஸ்டீமின் 1.3 லிட்டர் இன்ஜினைப் பின்னால் வைத்தது. ரோட்டில் ஓட்டுவதற்கில்லை. டாடா ஏஸில் ஏற்றிக் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீடுவேக்குக் கொண்டுபோய் ஓட்ட வேண்டும் என்பதுதான் திட்டம். மிதிக்கிற பலத்தைக் கூட்டித் தருகிற பூஸ்டர் கிடையாது, முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு ஒன்று என இரண்டு மாஸ்டர் சிலிண்டர், அதாவது பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளுகிற சிலிண்டர்.

பட்டறையில் வாயால் சொல்லிவிட்டு வரவில்லை, பேப்பரில் எழுதியே கொடுத்தேன். பெடல் பிராக்கெட்டுக்கு இரண்டு பக்கமும் 4 மி.மீ. தகடு, பின்னால் 3 மி.மீ. தாங்கு தகடு, அச்சுக்கு வெண்கல புஷ், வெல்டிங் முழு நீளத்துக்கும். பிரேக் லைனுக்கு 4.75 மி.மீ. ஸ்டீல் பிரேக் பைப், எல்லா முனையும் டபுள் ஃபிளேர் (முனையை விரித்து இரட்டையாக மடிப்பது), நட்டு எல்லாம் எம்10 (10 மி.மீ. மரை), பிட்ச், அதாவது மரை இடைவெளி, 1 மி.மீ. சக்கரத்துப் பக்கம் வளைகிற இடத்துக்குப் பிரேக்குக்கென்றே வருகிற ஹோஸ். அந்தப் பேப்பரின் பின்பக்கத்தில்தான் ஓனர் அட்வான்ஸ் வாங்கியதற்குக் கையெழுத்துப் போட்டார். “தம்பி, அப்படியே பண்ணிடலாம், நாங்க பண்ணாத வேலையா” என்றார்.

இவ்வளவு கறாராக எழுதிக் கொடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. பதறிப்போய் மிதிக்கும்போது ஒரு ஆள் காலால் 100 கிலோவுக்கு மேல் சாதாரணமாக அழுத்திவிடுவார். கல்லூரிப் பிள்ளைகள் கட்டுகிற ஃபார்முலா ஸ்டூடண்ட் வண்டிகளுக்கான விதியிலேயே, பெடலும் அது பிடித்திருக்கிற இடமும் 2,000 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 200 கிலோ தாங்க வேண்டும் என்று இருக்கிறது. என் வண்டியில் பெடல் விகிதம் 5-க்கு 1. 100 கிலோ மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் அது 500 கிலோ. அந்த 500 கிலோ மாஸ்டர் சிலிண்டரை முன்னால் தள்ளும், பெடல் அச்சு 400 கிலோவில் பின்னால் இழுக்கும், இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும் பிராக்கெட் பிளந்துகொள்ளப் பார்க்கும். 19 மி.மீ. சிலிண்டர் இரண்டுக்கும் சமமாகப் பிரிந்தால் பைப்புக்குள் சதுர செ.மீ.க்கு 88 கிலோ அழுத்தம், லாரி டயரில் இருக்கிறதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல்.

வேலை முடிந்து கைக்கு வந்தபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பிராக்கெட்டுக்குப் பளபளவென்று கறுப்புப் பெயிண்ட், பைப்புகளுக்கும் கறுப்பு, கிளிப் எல்லாம் ஒரே இடைவெளியில் அடித்திருந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றி, பைப்புக்குள் இருக்கிற ஏர் எடுக்க ஆரம்பித்தோம். எவ்வளவு எடுத்தும் பெடல் கெட்டிப்படவே இல்லை, மிதித்துப் பிடித்தால் மெதுவாக உள்ளே இறங்கிக்கொண்டே போனது. டார்ச் அடித்துப் பார்த்தால் முன் மாஸ்டர் சிலிண்டர் நட்டில் கசிவு, ஆயில் சொட்டுச் சொட்டாக பிராக்கெட் மேலேயே இறங்கியிருந்தது.

மறுநாள் காலையில் துணியால் துடைத்தேன், பெயிண்ட் தோல் மாதிரி உரிந்து கையோடு வந்துவிட்டது. பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும் என்பது வண்டி வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அடியில் இரும்பு தெரியவில்லை, சாம்பல் நிறத்தில் பட்டி தெரிந்தது. டெண்ட் எடுத்த கார் பாடிக்குப் பூசுவார்களே, அதே பட்டி. ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்தினால் பொலபொலவென்று கொட்டியது. உள்ளே முழு நீள வெல்டிங் என்று நான் காசு கொடுத்த இடத்தில் மூன்று டேக் (பொட்டு வைத்த மாதிரி வெல்டிங்), அவ்வளவுதான், நடுவில் தகடும் தகடும் ஒட்டவே இல்லை, பிளேடு உள்ளே போகிற அளவுக்குச் சந்து. வெர்னியர் வைத்துப் பார்த்தால் தகடு 2 மி.மீ. தாங்கு தகடு போடவே இல்லை. அதாவது வெல்டிங் அரைகுறை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்துதான் பட்டி பூசி, தேய்த்து, வெல்டிங் வரி மாதிரியே உருட்டி, பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது இந்த இடத்தில்தான். தெரியாமல் செய்தவன் பட்டி பூச மாட்டான்.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கழற்றினோம். கசிந்த நட்டில் வெள்ளை டெஃப்லான் டேப் சுற்றியிருந்தது. பிரேக் லைனில் மரை சீல் செய்வதே இல்லை, ஃபிளேர்தான் போய் உட்கார்ந்து சீல் செய்கிறது. அங்கே டேப்பைப் பார்த்தாலே செய்தவருக்கு வேலை தெரியாது என்று முடிவு கட்டிவிடலாம். டேப் எதற்கு என்று பார்த்தால், நட்டு எம்10 இல்லை, அங்குலத்துக்கு 24 மரை உள்ள 3/8 அங்குல நட்டு. 10 மி.மீ. ஓட்டையில் ஒன்பதரை மி.மீ. நட்டு, பிட்ச்சும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் கையால் திருகினால் சுகமாகப் போகும், கொஞ்சம் இறுக்கினால் பிடித்த மாதிரியும் தெரியும், முழு அழுத்தம் வரும்போது மரை உருவிக்கொண்டு வந்துவிடும். ஃபிளேரும் சிங்கிள். ஓரத்தில் மயிரிழை மாதிரி வெடிப்பு, லென்ஸ் இல்லாமலே தெரிந்தது.

பைப்பின் கறுப்பைச் சுரண்டினால் உள்ளே செம்பு. ஏசி மெக்கானிக் போடுகிற காப்பர் பைப். வளைக்கச் சுலபம், விலையும் குறைவு, ஸ்டீல் பைப் என்று எனக்கு பில் போட்டுவிட்டு அதை மறைக்கத்தான் கறுப்புப் பெயிண்ட். செம்புக் குழாய் அழுத்தத்தில் வெடித்துவிடும் என்று சொல்லவில்லை, அழுத்தத்தை அது தாங்கும். வண்டி அதிர்வில்தான் அது தாங்காது: அதிர அதிர இறுகிக்கொண்டே போய், ஒரு நாள் நட்டுக்குப் பக்கத்தில் கழுத்து முறியும். செம்பு நிறத்திலேயே வருகிற நிக்கல் கலந்த பிரேக் பைப் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அது வேறு, அது தாராளமாகப் போடலாம். இது அது இல்லை. நடுவில் ஓரிடத்தில் நீளம் போதாமல் ஏசிக்குச் செய்கிற மாதிரியே பிரேஸிங் வைத்து ஒட்டுப் போட்டிருந்தார்கள், அதன் உள்ளே, ஒட்டும்போது போடுகிற ஃபிளக்ஸின் பொறுக்கு. அந்தப் பொறுக்கு மாஸ்டர் சிலிண்டர் வாஷரில் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஹோஸ் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கம் இது எல்லாருக்கும் நடக்கலாம். சம்பா அறுவடை நேரத்தில் டெல்டா முழுக்க கதிர் அறுக்கும் இயந்திரங்கள் ஓடுகின்றன, அவற்றுக்கு ஹோஸ் அடித்துக் கொடுக்கிற கடைகளும் ஊருக்கு ஊர் இருக்கின்றன. எனக்குப் போட்டதும் அந்த ஹைட்ராலிக் ஹோஸ்தான். கேட்டபோது ஓனர் சொன்னது: “அறுவடை மெஷின்ல 200 கிலோ பிரஷர் தாங்குது தம்பி, உங்க குட்டிக் காருக்குத் தாங்காதா?” கேட்டால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் பிரச்சினை பிரஷரில் இல்லை, ஆயிலில் இருக்கிறது. ஹைட்ராலிக் ஆயில் மினரல் ஆயில், அதற்கான ஹோஸின் உள் ரப்பர் பொதுவாக நைட்ரைல். டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் கிளைகால் வகை. அது நைட்ரைலை ஊறவைத்து உப்பவைக்கும், நாளாக ஆக உள்பக்கம் அடைத்துக்கொள்ளும், பிய்ந்தும் வரும். பிரேக் ஹோஸுக்கு ஈபிடிஎம் ரப்பர் அல்லது டெஃப்லான் உள்குழாய்தான் வேண்டும். மேலே கம்பி பின்னியிருக்கிறது என்பதால் அது பிரேக் ஹோஸ் ஆகிவிடாது.

பெடல் கை மட்டுமாவது தேறுமா என்று பார்க்க, நண்பனின் பெரியப்பாவிடம் கொண்டு போனேன். திருச்சி பெல்லில் பாய்லர் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயிண்டைச் சுத்தமாக எடுத்துவிட்டு, வெடிப்பைக் காட்டிக்கொடுக்கிற சிவப்புச் சாயம் அடித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைத்து, வெள்ளைப் பவுடர் ஸ்பிரே அடித்தார். புஷ்ஷைச் சுற்றி மெல்ல ஒரு சிவப்புக் கோடு ஊறி மேலே வந்தது, பாதி வட்டத்துக்கு. “பெனிட்ரேஷனே இல்லப்பா, மேல ஒட்டி வச்சிருக்கான்” என்றார். வைஸில் பிடித்து ஒரு நீளக் குழாயை மாட்டி அழுத்தச் சொன்னார். நான் ஒருத்தன் அழுத்தியதற்கே புஷ் கழன்று வந்துவிட்டது.

இதை எல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டு ஓனரிடம் போனேன். முதலில் “பட்டி பினிஷிங்குக்குப் போட்டது” என்றார். கையெழுத்துப் போட்ட பேப்பரைக் காட்டியதும் பையன் தப்புப் பண்ணிவிட்டான் என்றார், பையன் அங்கேயே நின்றுகொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், பாவம், அவனுக்கு இருபது வயது கூட இருக்காது. திரும்பச் செய்து தருகிறேன் என்றார், நான் வேண்டாம் என்றேன். பணம் கேட்டதும் “ரேஸ் வண்டி எல்லாம் இல்லீகல் தம்பி, நீங்க எங்க போய்ச் சொல்வீங்க” என்று ஆரம்பித்தார். இதைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். ரோட்டில் ஓட்டாமல் டிராக்கில் மட்டும் ஓட்டப்போகிற வண்டி, அதற்குக் காசு கொடுத்து, பில் வாங்கிச் செய்த வேலை. சேவைக் குறைபாடு என்று தாராளமாகப் புகார் கொடுக்கலாம். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பேசினேன், அப்புறம் மாவட்ட ஆணையத்தில் போட்டேன். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்த வேலைக்குப் புகார் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். பில் இல்லாமல் கைக்காசாகக் கொடுக்கிறவர்கள் ஜிபே ரசீதையாவது அழிக்காமல் வைத்திருங்கள்.

டிராக்கில் ஓட்டவிடும் முன் வண்டியைச் சோதிக்கிற ஸ்க்ரூட்டினியில் பிடித்துவிடுவார்களே என்று சிலர் சொன்னார்கள். நட்டு கசிந்திருந்தால் பிடித்திருப்பார்கள். பெயிண்டுக்கு அடியில் இருக்கிற பட்டியை வெளியில் நின்று யாராலும் பார்க்க முடியாது. என் நட்டு மட்டும் சரியாக இருந்து கசியாமல் இருந்திருந்தால் அந்த மூன்று டேக்கை நம்பித்தான் நேர்ரோட்டின் கடைசியில் மிதித்திருப்பேன்.

அதனால் வெல்டிங் வேலையை ஒருபோதும் பெயிண்ட் அடித்து வாங்காதீர்கள். பச்சை இரும்பாகவே கொடுங்கள், பெயிண்ட் நானே அடித்துக்கொள்கிறேன் என்று முதலிலேயே சொல்லுங்கள். அதற்கு முகம் சுளிக்கிற பட்டறை என்றால் அப்படியே திரும்பி வந்துவிடலாம். பைப்பில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஸ்டீல் என்றால் ஒட்டும், செம்பு என்றால் ஒட்டாது, பெயிண்ட் இருந்தாலும் தெரிந்துவிடும். ஒரு முனையைக் கண் எதிரில் ஃபிளேர் அடிக்கச் சொல்லுங்கள். டபுள் ஃபிளேர் டூல் இருக்கிறவர் இரண்டு தடவை அழுத்துவார், முதல் தடவை சின்ன அடாப்டர் வைத்து, இரண்டாம் தடவை அதை எடுத்துவிட்டு. ஒரே அழுத்தில் முடித்தால் அது சிங்கிள்.

எனக்கு இப்போது பிராக்கெட்டை துவாக்குடிப் பக்கம் ஒருவர் செய்து கொடுத்திருக்கிறார், 4 மி.மீ. தகடு, பெயிண்ட் இல்லாமல், பெரியப்பா கூடவே நின்று பார்த்தார். பைப்பை மாருதி ஸ்பேர் கடையில் ஸ்டீலாகவே வாங்கிவிட்டேன். வண்டி ஜாக்கி மேல்தான் நிற்கிறது, பிரேக் ஆயில் இன்னும் ஊற்றவில்லை. புகாருக்கு அடுத்த வாய்தா தை மாதம். இதே மாதிரி தஞ்சாவூர் பக்கம் எங்காவது பெடலோ பிரேக் பைப்போ செய்து, கறுப்புப் பெயிண்டோடு வாங்கி வந்து ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருக்கிறவர்கள் யாராவது இருந்தால், அடுத்த தடவை வண்டியை எடுப்பதற்கு முன் பிராக்கெட் ஓரத்தில் ஒரு விரல் அகலம் சுரண்டிப் பார்த்துவிடுங்கள்.