விலை கூடிய கார் வேக்ஸா, சாதாரண வேக்ஸா?

பளபளப்பு: கறுப்பு, அடர்சிவப்பு வண்டியில் விலை கூடியது கொஞ்சம் ஆழமாக மின்னும். வெள்ளை, வெள்ளி நிறத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

எத்தனை நாள் உழைக்கும்: இரண்டிலும் பொதுவாகப் பிரேசில் பனையின் கார்னாபா மெழுகு இருக்கும். வெயிலில் நிற்கும் வண்டிக்கு எதுவானாலும் சில வாரங்களே. தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருளாமல் அப்படியே பரவினால் மெழுகு போய்விட்டது.

பூசும் வேலை: இங்கேதான் விலை கூடியது ஜெயிக்கிறது. பூசிக் காய்ந்ததும் மேலே நிற்கும் மிச்சம் லேசாகத் துடைத்தாலே வந்துவிடும். மலிவான பேஸ்ட் வேக்ஸ் சில சமயம் கறுப்பு பிளாஸ்டிக் விளிம்பில் வெள்ளையாகப் படிந்து உயிரை வாங்கும்.

தினமும் ஓடும் வண்டிக்குச் சாதாரணமே போதும். மிச்சக் காசில் நல்ல மைக்ரோஃபைபர் துணி வாங்குங்கள். அடர்நிற வண்டியை ஆசையாகப் பராமரிப்பவர் விலை கூடியதை வாங்கலாம். அடிக்கடி பூச நேரமில்லையா? அப்புறம் இரண்டும் வேண்டாம், மெழுகைவிட அதிக நாள் நிற்கும் செயற்கைப் பூச்சான சிந்தெடிக் சீலன்ட்தான் சரி.