டெஸ்கோ க்ளப்கார்டும் மஞ்சள் விலைச்சீட்டும்

லண்டனுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: டெஸ்கோ சூப்பர் மார்க்கெட் வாடிக்கையாளர்களுக்குத் தருகிற க்ளப்கார்டை எடுத்தால் எவ்வளவு பாயின்ட் சேரும்? பாயின்ட்டை நம்பி எடுக்காதீர்கள். ஒரு பவுண்டுக்கு ஒரு பாயின்ட், ஒரு பாயின்ட்டுக்கு ஒரு பென்ஸ். மொத்தத்தில் ஒரு சதவீதம். பில் 19.99 என்றால் 19 பாயின்ட்தான், மிச்சம் அவர்களுக்கு. 150 சேர்ந்தால் ஒன்றரை பவுண்ட் வவுச்சர். இரண்டு வருடத்துக்குள் செலவழிக்க வேண்டும். பிட்சா எக்ஸ்பிரஸ் போன்ற இடங்களில் மாற்றினால் மதிப்பு இரட்டிப்பாகும். 2023 ஜூன் வரை மூன்று மடங்கு கிடைத்தது. அதைக் குறைத்த எரிச்சல் பழைய ஆட்களுக்கு இன்னும் தீரவில்லை.

1995-இல் தொடங்கியபோது இது பாயின்ட் கார்டு. இன்று இதன் உயிர், கார்டு உள்ளவர்களுக்கு மட்டுமான சலுகை விலையைக் காட்டுகிற மஞ்சள் விலைச்சீட்டில் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் மீல் டீல், அதாவது சாண்ட்விச், நொறுக்கு, பானம் மூன்றும் சேர்ந்த மதியச் சாப்பாடு, கார்டுக்கு 3.60, கார்டு இல்லாவிட்டால் 4 பவுண்ட் என்று ஆனது. ஒரு மதியச் சாப்பாட்டில் 40 பென்ஸ். அதையே பாயின்ட்டில் சேர்க்க 40 பவுண்டுக்குச் சாமான் வாங்க வேண்டும்.

என் சண்டையே அந்த மஞ்சள் சீட்டோடுதான். சலுகை விலையைக் கட்டை விரல் உயரத்துக்கு அச்சடிப்பார்கள். 100 கிராமுக்கு எவ்வளவு என்கிற அலகு விலை மட்டும் கீழே எறும்பு சைஸில் இருக்கும். உதாரணத்துக்கு, 100 கிராம் காபி பாட்டில் 4.50, கார்டுக்கு 3.50 என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் 200 கிராம் பாட்டில், சலுகை ஏதுமில்லாமல் 6.50. நூறு கிராமுக்கு 3.25 ஆகிறது. வெள்ளைச் சீட்டில் சாதுவாக உட்கார்ந்திருக்கிற பெரிய பாட்டில்தான் மலிவு, ஆனால் கை போவது மஞ்சளுக்கு. முன்பு சலுகை விலைக்கு அலகு விலையே போடாமல் இருந்தார்கள். 2023-இல் ‘விச்’ என்கிற நுகர்வோர் அமைப்பு புகார் செய்த பிறகுதான் வழிக்கு வந்தார்கள். போடுவது சரி, படிக்கிற மாதிரி போடக்கூடாதா?

நாமே ஸ்கேன் செய்து பணம் கட்டுகிற செல்ஃப் செக்அவுட்டில் ஒன்றைக் கவனியுங்கள். கார்டை ஸ்கேன் செய்யும்வரை திரையில் ஓடுவது முழு விலை. பணம் கட்டும் முன் எப்போது ஸ்கேன் செய்தாலும் குறையும். கட்டிவிட்டால் கவுன்டரில் போய் நிற்க வேண்டியதுதான். பெரிய கடைகளின் உள்ளே சிக்னல் தடுமாறும், கார்டைக் காட்டுகிற டெஸ்கோ ஆப் சுற்றிக்கொண்டே இருக்கும், பின்னால் வரிசை முறைக்கும். கார்டைப் போனின் வாலட்டில் முன்கூட்டியே ஏற்றிவிட்டால் நெட் இல்லாமலே திறக்கும். சாவிக்கொத்தில் மாட்டுகிற குட்டிக் கார்டு இருந்தால் அதைவிட நல்லது.

ஏமாற்று வேலை என்று திட்டவும் முடியவில்லை. போட்டி ஒழுங்குமுறை அமைப்பான சிஎம்ஏ, டெஸ்கோ உட்பட ஐந்து சூப்பர் மார்க்கெட்டுகளில் சுமார் 50,000 பொருட்களின் விலையை அலசி 2024 நவம்பரில் அறிக்கை தந்தது. கார்டு சலுகைகளில் 92 சதவீதம், வழக்கமான விலையோடு ஒப்பிட்டால் நிஜமான குறைப்புதான் என்றது. கார்டு விலைதான் எப்போதும் ஊரிலேயே மலிவு என்று நினைக்க வேண்டாம் என்பதையும் அதே அறிக்கை சொன்னது. கார்டே இல்லாத ஆல்டி என்கிற மலிவு விலை சூப்பர் மார்க்கெட்டில் ஒரு நடை விசாரித்துவிட்டு வாங்குவது நல்லது.

கணக்கு இவ்வளவு சாதகமாக இருந்தும் நான் ஐந்துக்கு இரண்டுதான் தருவேன். ஒரு காலத்தில் வாசலுக்குள் வந்த எல்லோருக்கும் கிடைத்த தள்ளுபடி, இப்போது என்ன வாங்குகிறோம் என்ற விவரத்தைக் கொடுத்தவருக்கு மட்டும் என்றாகிவிட்டது. எடுக்கலாமா என்று கேட்டால், இன்றைக்கே எடுங்கள். கார்டு இல்லாமல் அந்தக் கடைக்குள் கால் வைக்காதீர்கள்.