பிரஷர் கேஜை மாட்டாமலே 1,140 பவுண்டு பில் போட்ட கராஜ்

வடமேற்கு லண்டனில் ஒரு கராஜில் ஆறு வாரம் காரை விட்டு, 1,140 பவுண்டு கட்டி, கொண்டுபோன கோளாறோடு அப்படியே ஓட்டிக்கொண்டு வந்தேன். கராஜின் பெயரைப் போடவில்லை. பெயரைவிட, அவர்கள் செய்த விதம் தெரிந்தால்தான் உங்களுக்கு உதவும். இதையே செய்கிற கராஜ் இன்னும் நிறைய இருக்கும்.

கார் 1994 மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.8 எஞ்சின். கம்பெனியிலிருந்து வரும்போது சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி) கிடையாது. எனக்கு விற்றவர் ஈட்டன் எம்45 என்ற சூப்பர்சார்ஜரை வைத்து, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைப் பெரிதாகப் போட்டு, 6 பிஎஸ்ஐ பூஸ்டில், அதாவது அவ்வளவு கூடுதல் காற்றழுத்தத்தில், ஓட்டிக்கொண்டிருந்தார். ஊருக்குள் பூனை மாதிரி போகும். மோட்டர்வேயில் ஏறும்போது மூன்றாவது கியரில் முழுசாக மிதித்தால், 4,500 ஆர்பிஎம் தாண்டியதும் யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போலத் திணறும். காற்று-பெட்ரோல் விகிதம் காட்டும் மீட்டர் ஒன்று டேஷில் இருக்கிறது. பூஸ்டில் 12-க்குக் கீழே நிற்க வேண்டியது 14-ஐத் தொட்டது. அதாவது வருகிற காற்றுக்குப் போதுமான பெட்ரோல் வரவில்லை. பூஸ்டில் இப்படி ஓட்டினால் பெட்ரோல் தாறுமாறாக வெடித்து எஞ்சின் தட்டும், கடைசியில் பிஸ்டன் உருகும். அதனால்தான் நானே நோண்டாமல் கராஜுக்குப் போனேன். "பெட்ரோல் பிரஷரைப் பாருங்கள்" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தேன்.

முதலில் புது பம்ப் போட்டார்கள், 460 பவுண்டு. ஃபில்டர் 70. திணறல் போகவில்லை. அப்புறம் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்ய அனுப்பினார்கள், 230. அப்போதும் போகவில்லை. "கோளாறு கண்டுபிடித்த கூலி" என்று 380. இது எனக்கு இன்னும் சிரிப்பு வரவழைக்கும் வரி, கண்டுபிடிக்கவே இல்லையே! கடைசியாக, சூப்பர்சார்ஜர் பேரிங் போய்விட்டது, பிரித்துப் பார்க்க இன்னும் 1,800 ஆகும் என்றார்கள்.

பில்லில் ஒரு வரி: பெட்ரோல் பிரஷர் சரி. எவ்வளவு இருந்தது, எத்தனை ஆர்பிஎம்மில் பார்த்தீர்கள் என்று கேட்டேன். எண் எதுவும் எழுதி வைக்கவில்லை. "ஐடிலிங்கில் நார்மல் சார், அதுக்கு மேல பார்க்க வேண்டியதில்லை" என்றார் மெக்கானிக், அவரும் நம் ஆள்தான். கேஜ் எங்கே மாட்டினீர்கள் என்றதும் பேச்சை மாற்றிவிட்டார்.

ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, பார்த்து ஒன்றும் தெரியாது. இந்தக் காரில் பம்ப் அனுப்புகிற பெட்ரோலில் பெரும்பகுதி, ஐடிலிங்கில், பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வழியாக டேங்குக்கே திரும்பிவிடும். பாதி உயிரோடு இருக்கும் பம்ப்கூட அங்கே நல்ல பிரஷர் காட்டும். ஐடிலிங்கில் ரெகுலேட்டரின் வேக்குவம் குழாயை (எஞ்சினின் காற்றுப் பாதையிலிருந்து வரும் சிறு குழாய்) கழற்றினால் ஏறத்தாழ 43 பிஎஸ்ஐ, மாட்டினால் 33 பக்கம். பூஸ்ட் ஏற ஏற அந்த 43-க்கு மேல் அதே அளவு பெட்ரோல் பிரஷரும் ஏற வேண்டும். 6 பிஎஸ்ஐ பூஸ்ட் என்றால் 49 இருக்க வேண்டும். ஏறாவிட்டால், எதிரே தள்ளும் பூஸ்டை மீறி இன்ஜெக்டரால் போதிய பெட்ரோலைத் தெளிக்க முடியாது. ஆக, ஓட்டிப் பார்க்காமல் பிரஷர் சரி என்று யாராலும் சொல்ல முடியாது.

காரைத் திரும்ப எடுத்து வந்த வார இறுதியில் 35 பவுண்டுக்கு கேஜ் வாங்கினேன். ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் டி-கனெக்டர் போட்டு, நீளக் குழாயோடு கேஜை வெளியே கண்ணாடி மேல் டேப் போட்டு ஒட்டினேன். கேஜை மட்டும் காருக்குள் கொண்டுவராதீர்கள், குழாய் விட்டுவிட்டால் மடியில் பெட்ரோல். மைத்துனன் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணை வாசித்தான். ஐடிலிங்கில் 33. வேக்குவம் குழாயைக் கழற்றினால் 43, ரெகுலேட்டர் நல்லாயிருக்கிறது. ரோட்டில் 3,000-இல் 46. "அத்தான், இறங்குது... 40... 36!" காலை எடுத்துவிட்டேன்.

புது பம்பிலும் இறங்குகிறது என்றால் பம்புக்குக் கரண்ட் போகிறதா? மல்டிமீட்டரைப் பம்ப் வயரிலேயே வைத்தேன். பேட்டரியில் 14.1 வோல்ட் இருக்கும்போது பம்பில் 12.1. மிதித்தால் 10.2. பிரஷர் ஏற ஏற பம்ப் அதிகக் கரண்ட் இழுக்கும், வழியில் கெட்ட இணைப்பு இருந்தால் அங்கேதான் வோல்ட் விழும்.

சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டைத் தூக்கி, பம்ப் மூடியைக் கழற்றினேன். கனெக்டரில் ஒரு பின் கருகி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் உருகியிருந்தது. பம்ப் மாற்ற வேண்டுமென்றால் அந்தக் கனெக்டரைக் கையால் கழற்றித்தான் ஆக வேண்டும். பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு, 460 பவுண்டு பம்பை அதே கருகிய பின்னில் செருகியிருக்கிறார்கள். இதுதான் எனக்கு ஆறவில்லை.

புது டெர்மினல், ரிலே, ஃபியூஸ், பேட்டரியிலிருந்து பம்புக்கு இழுத்த தடித்த வயர் எல்லாம் சேர்த்து 23 பவுண்டு. இந்தக் காரில் பேட்டரி டிக்கியிலேயே இருப்பதால் வயர் நீளம் குறைவு. இப்போது பூஸ்டில் 49, மீட்டரில் 11.8.

பணத்துக்கு வருவோம். இங்கே 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வேலையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். இல்லையென்றால் திரும்பச் செய்து தரச் சொல்லலாம், அதுவும் ஆகாதபோது பணத்தைக் குறைக்கக் கேட்கலாம். கருகிய கனெக்டரின் படம், வோல்ட் கணக்கு, வேறொரு மெக்கானிக் எழுதிக் கொடுத்த ஒரு பக்கம், மூன்றையும் வைத்துக் கடிதம் போட்டேன். ஸ்மால் கிளெய்ம்ஸ் (சிறு தொகை வழக்கு) கோர்ட்டுக்குப் போவேன் என்றதும் 600 திருப்பினார்கள். "கேஷா கொடுத்தா கம்மி பண்றேன்" என்ற பேச்சில் மயங்கிப் பாதியை ரொக்கமாகக் கொடுத்தது என் தப்பு. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 100 பவுண்டுக்கு மேற்பட்ட வேலைக்குக் கார்டு கம்பெனியையும் பிடித்திருக்கலாம். பழைய பம்பைக் கேட்டேன், தூக்கிப் போட்டுவிட்டோம் என்றார்கள். நீங்கள் காரை விடும் அன்றே பழைய பாகம் எனக்கு வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பெட்ரோல் பற்றாமல் ஓடியதில் எஞ்சினுக்கு ஏதாவது ஆயிற்றா என்று நேற்று கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்த்தேன். நாலு சிலிண்டரில் மூன்றில் 170 பிஎஸ்ஐ பக்கம் இருக்கிறது, மூன்றாம் நம்பர் சிலிண்டரில் மட்டும் 142. பிஸ்டனா, வால்வா தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமை பிளக் ஓட்டை வழியாகக் கேமரா விட்டுப் பார்க்கப் போகிறோம்.