செத்த யானைக்கு ஆயிரம் பொன்

பழைய ஐந்து ரூபாய் நாணயத்துக்கு ஐந்து லட்சம் தருகிறோம் என்று வரும் விளம்பரங்களைப் பார்த்துச் சிரிப்பவன் நான். பழைய நாணயங்களை வாங்க, விற்க என்று தன் பெயரைச் சொல்லிக் கட்டணமும் கமிஷனும் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவித்தபோது, அதை உறவினர்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தவனும் நான்தான். அப்படிப்பட்டவன், ஓர் அசல் நாணயத்தை, ஒரு பொய்யும் சொல்லாத வியாபாரியிடம் வாங்கி ஏமாந்து நிற்கிறேன்.

வாங்கியது 1911ஆம் ஆண்டின் ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய். சேகரிப்பாளர்கள் இதைப் 'பன்றி ரூபாய்' என்பார்கள். மன்னரின் அங்கிமேல் கிடக்கும் விருதுச் சங்கிலியில் ஒரு சின்ன யானை உண்டு. நாணயம் அடிக்கும் அச்சைச் செதுக்கியபோது தும்பிக்கை குட்டையாகவும் கால்கள் கட்டையாகவும் அமைந்துவிட்டன. ஊரார் கண்ணுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. மன்னரின் மார்பில் பன்றியா என்று எதிர்ப்பு கிளம்பவே நாணயத்தை நிறுத்திவிட்டார்கள். அச்சிட்டது சுமார் 94 லட்சம், மக்கள் கைக்கு வந்தது சுமார் 7 லட்சம், மீதி உலைக்குப் போனது. 1912இல் தும்பிக்கையை நீட்டி யானையை யானையாக்கிவிட்டார்கள்.

நாணயக் கண்காட்சியில் அந்தக் கடைக்காரர் இந்தக் கதை முழுவதையும் எனக்குச் சொன்னார். அவ்வளவும் உண்மை. "ஏழு லட்சம்தான் சார் வெளியே வந்தது. இன்று எத்தனை மிஞ்சியிருக்கும், நீங்களே கணக்குப் போடுங்கள்" என்றார். நான் கணக்குப் போட்டேன். நாணயம் சதுர அட்டை ஹோல்டரில், நான்கு பக்கமும் ஸ்டேப்பிள் பின் அடித்து, வட்டமான கண்ணாடித்தாள் சன்னல் வழியே நிலா மாதிரி மின்னியது. நூறு வயதைத் தாண்டிய வெள்ளி ஏன் இப்படி மின்ன வேண்டும் என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. 14,000 ரூபாய் கேட்டார், பேரம் பேசி 13,500க்கு முடித்தேன். ஐநூறு ரூபாய் மிச்சம் என்று பூரித்துப்போய்ப் பஸ் ஏறியதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

முப்பது நாற்பது வருடமாகச் சேகரிக்கும் பெரியவர் ஒருவர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார். காட்டி மெச்சிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். வாங்கிப் பார்த்தவர் வருடத்தைப் பார்க்கவே இல்லை. "தம்பி, முதலில் இந்த அட்டையைப் பிரித்துவிடு" என்றார். பின்களைக் கழற்றி, நாணயத்தின் ஓரத்தை மட்டும் விரலில் பிடித்து மெல்லச் சுற்றினார். மகுடத்துக்கு நேர் மேலே வந்ததும் நிறுத்தி என்னிடம் நீட்டினார். ஓரத்தில் நெருக்கமாக ஓட வேண்டிய செங்குத்து வரிகள் அங்கே ஓர் அரிசி நீளத்துக்கு இல்லை. அந்த இடம் மட்டும் வழுவழுப்பாக, சற்று மஞ்சள் பூத்திருந்தது.

"யாரோ ஒரு பாட்டி கழுத்தில் கிடந்த காசு இது" என்றார். காசுமாலையில் கோக்க வளையம் பற்றவைத்திருக்கிறார்கள். பிறகு எவரோ வளையத்தை அறுத்து, தடத்தை அரத்தால் ராவி, நாணயம் முழுவதற்கும் மெருகு போட்டுவிட்டார்கள். நம் ஊர்களில் வெள்ளி ரூபாயை மாலையாக அணிந்த வீடுகள் எத்தனையோ. ஆகவே இப்படிப்பட்ட நாணயங்கள் சந்தையில் ஏராளம். அட்டை ஹோல்டரின் சட்டம் மறைப்பதோ சரியாக அந்த ஓரத்தை.

தராசில் வைத்தார். இந்த ரூபாயின் எடை 11.66 கிராம் இருக்க வேண்டும். என்னுடையது 11.3. பிறகு மேசை விளக்கின் கீழ் சாய்த்துச் சாய்த்துக் காட்டினார். கை படாத நாணயத்தில், அச்சு அழுத்தியபோது உலோகம் பரவிய கோடுகள் மேற்பரப்பில் அப்படியே இருக்கும். சாய்க்கும்போது ஒளி சக்கரத்தின் ஆரம்போலச் சுழலும். மெருகு போட்டதில் ஒளி சுழலாது, பாத்திரத்தில் விழுவதுபோல ஒரேயடியாக விழும். என் நாணயம் எவர்சில்வர் தட்டு மாதிரி மின்னியது. பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்தால், ஒரே திசையில் ஆயிரம் மெல்லிய கீறல்கள். விற்றவரை மட்டும் திட்டிப் பயனில்லை. எங்கள் வீட்டிலேயே ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் பாட்டி பெட்டியில் இருந்த வெள்ளிக் காசுகளையெல்லாம் திருநீறு போட்டுத் தேய்த்துக் கழுவிவைப்பார். நான்தான் தண்ணீர் ஊற்றுவேன்.

கடைசியில் யானையைத் தேடினோம். மன்னரின் அங்கி நாணயத்தில் மேடான பகுதி, தேய்மானம் முதலில் விழுவது அங்கேதான். மெருகு மிச்சத்தையும் வழித்திருந்தது. யானையும் இல்லை, பன்றியும் இல்லை, ஒரு மொட்டை மேடு இருந்தது. எந்த உருவத்துக்காக 1911 ரூபாய் அரிதானதோ அந்த உருவமே இல்லாத நாணயத்துக்கு அரிய நாணயத்தின் விலையைக் கொடுத்திருக்கிறேன். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்த யானைக்கு அது பொருந்தாது என்று பெரியவர் சிரிக்காமல் சொன்னார்.

அதோடு விடவில்லை. உள்ளே போய் 1918 ரூபாய் ஒன்றை எடுத்துவந்தார். அந்த ஒரே ஆண்டில் கல்கத்தா, பம்பாய் இரண்டு நாணயச்சாலைகளிலும் சேர்த்து 40 கோடிக்கு மேல் அடித்தார்கள். உலகப் போர் நேரத்து வெள்ளிப் பஞ்சத்தில், அமெரிக்கா தன் வெள்ளி டாலர்களை உருக்கி இந்தியாவுக்கு அனுப்பிய காலம் அது. அரிது என்ற சொல்லே ஒட்டாத ஆண்டு. ஆனால் அவரிடம் இருந்தது, பையிலிருந்து பிரித்தபடியே யாரோ பெட்டிக்குள் வைத்து மறந்த நாணயம். சங்கிலியின் கண்ணிகளை எண்ணலாம், யானையின் தும்பிக்கை தெரிந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ஏலத்தில் வைத்தால் எதற்கு முதலில் கை தூக்குவார்கள், சொல்" என்றார். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது.

தரச்சான்று நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவை நாணயத்தின் நிலைக்கு 70க்கு எத்தனை என்று எண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருகின்றன. வளையம் ராவியது, மெருகு போட்டது போன்றவற்றுக்கு எண் கிடைக்காது, குறைதான் எழுதி வரும். கட்டணம் தண்டம் என்றார்.

மறுநாள் கடைக்காரருக்குப் போன் செய்தேன். கோபப்படவே இல்லை அவர். "நாணயம் அசல்தானே சார்? வருடம் 1911தானே? நான் என்ன பொய் சொன்னேன்?" என்றார். ஓரத்தைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்கள் கேட்கவில்லையே" என்றார். அட்டையைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது என்றும் சொன்னார். பிரிக்காமல் குறையைப் பார்க்க முடியாது, பிரித்தால் திருப்பித் தர முடியாது. பில்லை எடுத்துப் பார்த்தேன். '1911 வெள்ளி ரூபாய் – 1' என்று மட்டும் இருந்தது. வளையத் தடம் இல்லை, மெருகு போடாதது என்று அதில் ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால் கேட்க ஒரு வழி இருந்திருக்கும். இனி வாங்குகிறவர்கள் அந்த வரியைக் கேளுங்கள். எழுதத் தயங்கினால் பணத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் கழித்து அடுத்த கண்காட்சிக்குப் போனேன். அதே மேசை, அதே சிரிப்பு, அட்டைக்குள் பளபளவென்று இன்னொரு 1911. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஏழு லட்சம்தான் சார் என்று ஆரம்பித்தார். "பின்னைக் கழற்றி ஓரத்தைக் காட்டுங்கள், பார்த்துவிட்டு வாங்கிக்கொள்கிறேன்" என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். "இது விற்பனைக்கில்லை சார், ஒருவருக்காக எடுத்துவைத்திருக்கிறேன்" என்று சொல்லி அதை எடுத்து மேசை டிராயருக்குள் போட்டுக்கொண்டார்.