பங்கு வீட்டுப் பத்திரமும் கூகுள் டிரைவும்: நாள்பட்ட புழக்கத்தில் தெரிந்தவை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பத்துப் புள்ளிக்கு (குடும்பத்துக்கு) பங்குள்ள வீடு என்றால் பத்திர நகல் கேட்டு எப்போதும் யாராவது போன் செய்துகொண்டே இருப்பார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வரி ரசீது எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, கூகுளின் இணையச் சேமிப்பிடமான கூகுள் டிரைவில் போட்டால் அந்தத் தொல்லை ஒழிகிறது. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியே தாராளம், கல்யாண வீடியோவை அதில் ஏற்றாதவரை.

ஹேக்கர் சர்வரை உடைப்பானோ என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் நம் வாசல் வழியாகத்தான் வருகிறது.

முக்கியமாக, லிங்க். 'லிங்க் உள்ள எவரும்' என்று வைத்துப் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் போட்டால், அது வீட்டு புரோக்கர் கைக்குப் போனாலும் பாஸ்வேர்டு கேட்காமல் திறக்கும். உள்ளே ஆதார் நகலும் இருக்கும். பொது அனுமதியை நிறுத்தி, ஒவ்வொருவர் மின்னஞ்சலையும் தனித்தனியாகச் சேருங்கள். பார்க்கும் உரிமை போதும். திருத்தும் உரிமை ஒருவருக்கு, மிஞ்சினால் இருவருக்கு.

அடுத்தது, சிங்க் ஆவதை (கம்ப்யூட்டரில் செய்யும் மாற்றம் டிரைவிலும் தானாக ஏறுவதை) காப்பு நகல் என்று நம்புவது. கம்ப்யூட்டரில் ஃபைலை அழித்தால் டிரைவிலும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) பூட்டிய ஃபைலும் அப்படியே மேலே ஏறிவிடும். நிறுவனத்தின் கட்டடமே எரியவும் கூடும்: 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் (சர்வர்கள் இருக்கும் கட்டடம்) எரிந்தபோது, வேறிடத்தில் நகல் வைக்காதவர்கள் சிலருக்கு எதுவும் மிஞ்சவில்லை. மாதம் ஒருமுறை வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, கேபிளைக் கழற்றி வையுங்கள். செருகியே விட்டால் ரான்சம்வேர் அதையும் பூட்டும்.

கணக்கு ஒருவர் பெயரில், ஓடிபி அவர் சிம்முக்கு. அவர் காலமானாலோ சிம் மாறினாலோ எல்லோருக்கும் கதவு அடைபடும். சிம் இல்லாமலே போனில் குறியீட்டைக் காட்டும் ஆத்தென்டிகேட்டர் ஆப் போடுங்கள். ஓடிபிக்குப் பதிலாகப் போடக் கூகுள் தரும் 10 மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டு இரும்புப் பெட்டியில் வையுங்கள். 2 வருடம் தொடாத கணக்கைக் கூகுள் அழிக்கலாம்.

டிரைவில் இருப்பது குறியாக்கம் செய்யப்பட்டதுதான், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாது. ஆனால் சாவி கூகுளிடம். ஆதார், உயில், வட்டிக் கணக்குக்கு மட்டும் கிரிப்டோமேட்டர் என்ற பூட்டும் மென்பொருள் போதும். கம்ப்யூட்டரில் இலவசம், ஃபைலைப் பூட்டிய பிறகே மேலே ஏற்றும். எல்லாவற்றையும் பூட்டினால் டிரைவில் தேட முடியாது, வயசான ஆச்சிகளால் திறக்கவும் முடியாது. அதன் பாஸ்வேர்டும், பாஸ்வேர்டு மறந்தால் உதவும் மீட்புச் சாவியும் தொலைந்தால் யாராலும் திறக்க முடியாது. மீட்புச் சாவியைத் தாளில் எழுதி இரண்டு வீடுகளில் வையுங்கள்.